தோட்டத்துக் கொப்பி

என் மேசை லாச்சியில் ஒரு சீஆர் கொப்பி கிடக்கிறது. 120 பக்கக் கொப்பியில் முதல் 22 பக்கங்களில் மட்டும்தான் எழுத்து. ஒவ்வொரு பக்கமும் ஒரு சனிக்கிழமை. இடப்பக்கம் 26 குடும்பங்களின் பெயர். வந்தவர்களுக்கு நேரே சரி அடையாளம், வராதவர்களுக்கு நேரே வெறுமை. இலங்கையின் வடக்கே, வன்னியில் இருக்கும் எங்கள் ஊர்ப் பொதுத்தோட்டத்துக்காக 2024 தை மாதம் நான் தொடங்கிய வரவுக் கொப்பி அது. ஆனியில் மூடிவைத்தேன். அதன் பிறகு எத்தனையோ தரம் லாச்சியைத் துப்புரவாக்கிவிட்டேன். பழைய வினாத்தாள்களும் காலம் போன மருந்துத் துண்டுகளும் அடுப்புக்குப் போய்விட்டன. இந்தக் கொப்பி மட்டும் போகவில்லை. இதைத் தொடங்கியது பிழை என்று ஒரு நாள் தோன்றுகிறது. மூடியது பிழை என்று இன்னொரு நாள் தோன்றுகிறது. போன கிழமை ஒரு படிவம் வந்ததிலிருந்து இந்த யோசனை நித்திரையையும் கெடுக்கிறது. அதனால் நடந்ததை ஒருதரம் முதலிலிருந்து எழுதிப் பார்க்கிறேன்.

மண்ணெண்ணெய் இல்லாத வருசம்

தோட்டம் தொடங்கியது 2022இல். அந்த வருசத்தைப் பற்றி யாருக்கும் விளக்கத் தேவையில்லை. பெற்றோல் கியூ, காஸ் கியூ, மண்ணெண்ணெய்க் கியூ. கானை வரிசையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சமைத்துவிட்டு வந்தாலும் கான் வைத்த இடத்திலேயே நிற்கும். அதற்கு முந்தைய வருசம் வைகாசியில் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை வந்தது. கார்த்திகையில் தடையை எடுத்தபோது மாரிமழைக் காலபோக நெல் முளைத்து மஞ்சளாகி நின்றது. எங்கள் ஊரில் பலருக்கு வழமையான விளைச்சலில் பாதிகூட விழவில்லை. 2022 ஆனியில் அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை தந்து வீட்டுத்தோட்டம் செய்யச் சொன்னார்கள். எரிபொருள் இல்லாமல் பள்ளிக்கூட நாட்களும் சுருங்கின. எனக்கு நாள் மிஞ்சியது. ஊரிலும் எல்லாரிடமும் நாள்தான் மிஞ்சியிருந்தது.

சனசமூக நிலையத்துக்குப் பின்னால் முக்கால் ஏக்கர் காணி சும்மா கிடந்தது. சண்டை முடிந்து 2010இல் நாங்கள் திரும்பி வந்தபோது அதன் ஓரத்தில் மண்டையோடு கீறிய சிவப்புப் பலகைகள் நின்றன. மிதிவெடி அகற்றி, பலகைகளைக் கழற்றிக்கொண்டு போன பிறகும் ஒருவரும் அங்கே மாடு கட்டவில்லை. விடத்தல் முள்ளும் ஈச்சம்பற்றையும் ஆள் உயரத்துக்கு வளர்ந்துவிட்டன. அதைத் திருத்தலாம் என்று கூட்டத்தில் கதை வந்தபோது சோளகக் காற்று புழுதியை அள்ளி எறிந்துகொண்டிருந்தது. எல்லாருக்கும் அவசரம். இன்றைக்கே பாத்தி கட்டி நாளைக்கே விதை போட வேண்டும் என்று கூடச் சத்தமாகச் சொன்னது நான்தான். கடைசி வரிசையில், கதிரை இருக்க நிலத்தில் இருந்த ஆச்சி ஒருவர் சொன்னார்: "காத்து விழட்டும். இப்ப போட்டால் விதைக்கும் நட்டம், கிணத்துக்கும் நட்டம். வேலியை அடையுங்கோ. குழியை வெட்டிக் குப்பையைப் போடுங்கோ. ஐப்பசியில பாப்பம்."

அப்படியே செய்தோம். ஆடி, ஆவணி, புரட்டாதி முழுக்கப் பற்றை வெட்டினோம், வேர் கிளப்பினோம். காய்ந்த தடிகளை நட்டு முட்கம்பி இழுத்தோம். மழை தொடங்கியதும் இடையில் சீமைக்கிளுவைக் கதியால் ஊன்றினோம். மண்வெட்டி எதிலாவது பட்டு இரும்புச் சத்தம் கேட்டால் அந்த வரிசையே நின்றுவிடும். ஒருவர் குனிந்து கையால் மண்ணைத் தள்ளிப் பார்ப்பார். பெரும்பாலும் தகரத் துண்டாகவோ ஷெல் சிதறலாகவோ இருக்கும். அதை எடுத்து வேலியோரம் வைத்துவிட்டு, யாரும் எதுவும் சொல்லாமல், திரும்பக் கொத்தத் தொடங்குவோம்.

ஒருவருக்கும் சம்பளம் இல்லை. வெளியூர்க்காரர்களுக்கு இது பெரிய விசயமாகத் தெரியாது. மீளக்குடியேறிய காலத்தில் எங்கள் வீட்டு வாசலில் பற்றை வெட்டவும் எங்கள் ஊர் வாய்க்காலைத் துப்புரவாக்கவும்கூட நாள் கணக்கில் காசு தந்தார்கள். அந்தக் காசு இல்லாவிட்டால் அன்றைக்கு அடுப்பு எரிந்திருக்காது. அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அதன் பிறகு பல வருசத்துக்கு, சிரமதானம் என்று யாராவது வாய் திறந்தால், "எவ்வளவு தருவினமாம்?" என்ற கேள்விதான் முதலில் வரும். 2022இல் அந்தக் கேள்வியை ஒருவரும் கேட்கவில்லை. அந்த மூன்று மாதங்களை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

கயிற்றில் மூன்று முடிச்சு

எங்கள் தோட்டத்தின் வருசம் புரட்டாதியில் பிறக்கிறது. சோளகம் தளர்ந்து, பின்னேரங்களில் எங்கோ தூரத்தில் இடி உருளும். அப்போது மிளகாய்க்கும் கத்தரிக்கும் நாற்றுமேடை போட்டு, மேலே கிடுகால் பந்தல் கட்டுவோம். ஐப்பசியில் மண் நனைந்ததும் கச்சானும் உளுந்தும் விதைத்து, மரவள்ளித் தடி ஊன்றுவோம். கார்த்திகை, மார்கழியில் மழைதான் எசமான். வாடைக்காற்றில் நடுங்கிக்கொண்டு தண்ணீர் வெட்டிவிடுவதைத் தவிர மனிதருக்கு அங்கே பெரிய வேலை இல்லை. மிளகாய் வேரில் தண்ணீர் இரண்டு நாள் தேங்கினால் போதும், பச்சையாகவே வாடி நிற்கும். அதனால்தான் பாத்திகளை முழங்கால் உயரத்துக்கு ஏற்றிக் கட்டுகிறோம். தை பிறந்து பனி விழத் தொடங்கினால் தோட்டத்துக்கு ஒரு வடிவு வரும். கச்சான் இழுப்போம். பயிற்றங்காயும் வெண்டியும் பூசணியும் தக்காளியும் ஒன்றாகக் காய்க்கும். மாசி, பங்குனியில் கிணற்றுத் தண்ணீரில் ஓடும். சித்திரையில் ஒரு மழை இரண்டு மழை கைகொடுக்கும். வைகாசியில் திரும்பவும் சோளகம். காட்டில் பாலைப்பழம் பழுக்கிற காலத்தில் எங்கள் தோட்டத்தில் பெரும்பாலும் முருங்கையும் மரவள்ளியும் நாலு வாழையும்தான் நிற்கும்.

அந்தக் கிணறு தோட்டத்துக்கு மட்டும் உரியதில்லை. முன்பள்ளிக்கும் பக்கத்தில் ஐந்து வீட்டுக்கும் அதுதான் குடிதண்ணீர். பம்ப் ஓட்ட மண்ணெண்ணெய் இல்லாததால் கப்பி போட்டு வாளியால் இறைத்தோம். ஒரு நாள் பார்த்தால், கயிற்றில் மூன்று இடத்தில் சிவப்புத் துணி வைத்து முடிச்சுப் போட்டிருந்தது. ஆச்சியின் வேலை. வாளி தண்ணீரைத் தொடும்போது முதல் முடிச்சு கிணற்றுக்கட்டுக்கு மேலே நின்றால் இரண்டு நேரமும் இறைக்கலாம். இரண்டாவது முடிச்சு கட்டுக்கு வந்துவிட்டால் காலையில் மட்டும், அதுவும் வைக்கோல் மூடிய பாத்திக்கு மட்டும். மூன்றாவது முடிச்சு கட்டைத் தாண்டி உள்ளே இறங்கினால் பயிருக்குத் தண்ணீர் இல்லை. இதற்குக் கூட்டம் நடக்கவில்லை. யாரும் எங்கேயும் எழுதவும் இல்லை. இரணைமடுக் குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று பார்த்து, கோடைச் சிறுபோகத்துக்கு எவ்வளவு வயல் விதைப்பது என்று கமக்காரர்கள் கூடித் தீர்மானிப்பார்கள். நூறு வருசம் தாண்டிய அந்தப் பெரிய குளத்தில் நடப்பதை ஆச்சி ஒரு வாளிக் கயிற்றில் செய்து வைத்திருந்தார்.

2023 ஆடியில் ஒரு பின்னேரம் மூன்றாவது முடிச்சு கட்டுக்குக் கீழே போனது. தண்ணீர் ஊற்ற வந்திருந்த ஐந்தாறு பேர் கயிற்றைப் பார்த்தார்கள். வாளிகளைக் கவிழ்த்து வைத்து, அவற்றின் மேலேயே இருந்து கொஞ்ச நேரம் ஊர்க்கதை கதைத்தார்கள். பிறகு எழும்பிப் போனார்கள். அடுத்த கிழமைக்குள் நாங்கள் பிள்ளைபோல் பார்த்த கத்தரிக் கன்றுகள் கருகிவிட்டன. ஒருவர்கூட முறைப்படவில்லை.

பெயர் எழுதத் தொடங்கியது

அந்த வருசக் கடைசியில் நிலைமை கொஞ்சம் மாறியது. மண்ணெண்ணெய் கிடைத்தது. கூலி வேலை திரும்பக் கிடைத்தது. இளம் பெண்கள் பலர் ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸில் விடியப் போய் இருட்டத் திரும்பினார்கள். சனிக்கிழமைகளில் ஆள் குறைந்தது. அதுவரைக்கும் காய் பிடுங்குகிற அன்று யார் நிற்கிறார்களோ அவர்கள் பங்கிட்டுக்கொள்வார்கள். வராத வீட்டுக்கு யாராவது கொண்டுபோய்க் கொடுப்பார்கள். இப்போது, "அவை பிடுங்கிற நாளுக்கு மட்டும் வருவினம்" என்ற கதை தொடங்கியது. ஒரு வாழைக்குலை இரவோடு இரவாகக் காணாமல் போனது. யார் என்று எல்லாருக்கும் தெரியும், ஒருவரும் சொல்லவில்லை. மார்கழிக் கூட்டத்தில் ஒரு அண்ணை என்னைப் பார்த்துச் சொன்னார்: "ரீச்சர், நீங்கள் கணக்குத்தானே படிப்பிக்கிறியள். ஒரு கணக்கை வையுங்கோவன்."

அவர் கேட்டதற்காக மட்டும் நான் கொப்பி வாங்கவில்லை. எனக்கு அதில் சொந்த நம்பிக்கை ஒன்று இருந்தது.

வன்னியில் தொண்டர் என்ற சொல்லோடு சேர்ந்து வருவது ஆசிரியர் என்ற சொல். சண்டைக் காலத்தில், நியமனம் பெற்ற ஆசிரியர்கள் வரமுடியாத ஊர்களில், பள்ளிக்கூடங்களைத் திறந்து வைத்திருந்தது தொண்டர் ஆசிரியர்கள்தான். நானும் அதில் ஒருத்தி. மரத்தடியிலும் தறப்பாளுக்குக் கீழேயும் பின்னக் கணக்குச் சொல்லிக் கொடுத்தேன். சண்டை முடிந்து, நிரந்தர நியமனத்துக்கு நேர்முகம் வைத்தபோது, நான் படிப்பித்ததற்கு அத்தாட்சி கேட்டார்கள். வரவு இடாப்பு எங்கே? சம்பவத்திரட்டுப் புத்தகத்தில் பெயர் எங்கே? அந்தப் புத்தகங்கள் இடப்பெயர்வில் எந்தப் பதுங்குகுழிக்குள் கிடந்து உக்கினவோ தெரியாது. என்னிடம் படித்த பிள்ளைகள் வெளியே வாசலில் நின்றார்கள், எனக்காகச் சாட்சி சொல்ல. அவர்களை யாரும் உள்ளே கூப்பிடவில்லை. என் வாழ்க்கையில் நாலு வருசம் அன்றைக்கு மேசைக்கு அந்தப் பக்கத்தில் இல்லாமல் போனது. பிறகு வேறு வழியில் நியமனம் கிடைத்தது. ஆனால் எழுதாத நாள் இல்லாத நாள் என்பது எனக்குள் ஊறிவிட்டது. இந்தத் தோட்டத்தில் யாருடைய உழைப்பும் அப்படி இல்லாமல் போகக்கூடாது என்று, நல்ல மனத்தோடுதான், அந்த சிவப்புக் கோடுகளை அடித்தேன்.

முழுநாளுக்கு ஒரு சரி. அரைநாளுக்கு அரைச் சரி. மாதத்தில் நாலு சரி உள்ளவர்களுக்கு முழுப் பங்கு, மற்றவர்களுக்கு விகிதப்படி. முதல் மாதம் கொப்பி வென்றது என்றே நினைத்தேன். 11 பேராக இருந்த சனிக்கிழமை 19 ஆனது. தை மாதம் எப்படியும் தோட்டத்தில் ஆள் கூடுகிற மாதம் என்பதை அப்போது நான் யோசிக்கவில்லை. மாசி பிறக்கச் சில சின்ன விசயங்கள் கண்ணில் பட்டன. வந்தவர்கள் மண்வெட்டியை எடுக்க முதல் என்னிடம் வந்து, "போட்டாச்சோ?" என்று கேட்டார்கள். ஒன்பதரைக்கு வந்தவருக்கு அரைச் சரியா முழுச் சரியா என்று இரண்டு அக்காமார் பாத்திக்கு நடுவே நின்று வாய்த்தர்க்கப்பட்டார்கள். முன்பென்றால் தேத்தண்ணீர் வரும்வரைக்கும் கொத்துவார்கள், குடித்துவிட்டும் கொத்துவார்கள். இப்போது பன்னிரண்டு மணிக்கு மண்வெட்டிகள் ஒன்றாக நிலத்தில் விழுந்தன.

பிறகு மாசியும் பங்குனியும் கொப்பியில் வெறுமையாகப் போயின. பக்கத்தைப் புரட்டப் புரட்ட வெள்ளை. ஊர் சோம்பிவிட்டது என்று நினைத்து எனக்கு ஆத்திரம் வந்தது. ஊர் சோம்பவில்லை, அருவி வெட்டில், நெல் அறுவடையில், நின்றது. வெட்டு மெசின் வந்த பிறகு வெட்டு ஒரு நாளில் முடிந்துவிடும். ஆனால் நெல்லை வீதியோரம் காயப்போட்டு, கிளறி, மழை இருட்டினால் ஓடிப்போய் மூடி, இரவில் காவல் இருந்து, விலை படிகிற வரைக்கும் ஒரு வீட்டுக்கு அதுதான் உலகம். நான் இந்த ஊர்ப் பிள்ளை. எனக்கு இது தெரியாத விசயமில்லை. கொப்பி கையில் இருந்தபோது தெரியாமல் போனது.

அந்த வெள்ளைப் பக்கங்களில் ஒரு பெயருக்கு நேரே மட்டும் மூன்றாவது சனிக்கிழமையிலிருந்து ஒன்றுமே இல்லை. ஆச்சி. அவருக்கு வயலும் இல்லை.

சாம்பல் பிரட்டிய விதை

ஆனி மாதம் ஒரு பின்னேரம் அவருடைய வீட்டுக்குப் போனேன். அடுத்த போகத்துக்கு விதைக் கணக்கு எழுத வேண்டியிருந்தது, அதைச் சாட்டாக வைத்துக்கொண்டேன். குசினி வாசலில் பலகையில் இருந்தபடி, மண்சட்டித் தண்ணீருக்குள் கத்தரிக்காய் பிசைந்துகொண்டிருந்தார். சமையலுக்கு உதவாத, மஞ்சளாக முற்றிப் பழுத்த காய்கள். தோலைக் கிழித்துச் சதையைத் தண்ணீருக்குள் விட்டு விரல்களால் கசக்க, விதைகள் கழன்று சட்டியின் அடிக்குப் போயின. மேலே மிதந்த சொத்தை விதைகளைக் கையால் வழித்து எறிந்தார். தண்ணீரை வடித்து, திரும்ப ஊற்றி, திரும்ப வடித்து, அடியில் நின்ற விதையை ஓலைப்பெட்டிக்குள் கொட்டி அடுப்புச் சாம்பலைத் தூவி, உள்ளங்கைகளுக்கு இடையில் வைத்து மெல்லப் பிரட்டினார். ஒட்டிக்கொண்டிருந்த விதைகள் ஒவ்வொன்றாகப் பிரிந்து சாம்பல் நிற மணிகளாக விழுந்தன. பெட்டிக்குப் பக்கத்தில் கிடந்த கத்தரிக் காம்பு ஒன்றில் சிவப்புத் துணி நூல் கட்டியிருந்தது. அந்த நூலைத் தோட்டத்தில் நல்ல காய்களின் காம்பில் நான் பல தடவை கண்டிருக்கிறேன். பிள்ளைகளின் விளையாட்டு என்று நினைத்திருந்தேன்.

"என்ன ஆச்சி, தோட்டப் பக்கம் காணேல்ல?"

"வாறனான்தானே."

"சனிக்கிழமையில காணேல்ல."

"சனிக்கிழமையில கொப்பி நிக்குமல்லோ பிள்ளை."

கோபமாகச் சொல்லவில்லை. கையை நிறுத்தவும் இல்லை. நான் விளங்காமல் நின்றதைப் பார்த்துவிட்டு, சாம்பல் விரல்களை மடித்து எண்ணத் தொடங்கினார். 96இல் கிளிநொச்சியை விட்டு ஓடினபோது நிவாரணத்துக்குப் பதிந்தது. 2008இல் திரும்ப ஓடினபோது ஒவ்வொரு ஊரிலும் பதிந்தது. 2009இல் முகாமில், ஒரு இலக்கத்தைக் கையில் பிடித்துக்கொண்டு படத்துக்கு நின்றது. தண்ணீருக்கு ஒரு வரிசை, சோற்றுக்கு ஒரு வரிசை, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர்ப்பட்டியல். திரும்பி வந்தபோது பதிந்தது. வீட்டுத்திட்டத்துக்குப் பதிந்தது, தனி ஆளுக்குப் புள்ளி காணாது என்று பெயரை வெட்டினது. அந்த இடத்தில் ஒரு கை விரல்கள் முடிந்துவிட்டன. மற்றக் கையைத் தூக்கவில்லை. "பிறகு அவன்ர பேர்" என்றார். அவருடைய மகனின் பெயர். எத்தனை ஆணைக்குழு, எத்தனை அலுவலகம், எத்தனை கொப்பி. 2017 மாசியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் அம்மாமார் போராட்டத்தைத் தொடங்கியபோது இவரும் கொஞ்சக் காலம் போய் இருந்தவர். அங்கேயும் ஒரு கொப்பி இருந்ததாம்.

"எழுதினவை எல்லாரும் நல்ல ஆக்கள்தான். வடிவா எழுதினவை. ஒருத்தரும் திருப்பி வந்து ஒண்டும் சொல்லேல்ல. என்ர பேர் இல்லாத இடம் ஒண்டு இருக்கட்டும் எண்டுதான் பிள்ளை அந்தத் தோட்டத்துக்கு வாறனான்."

எனக்கு அழுகை வந்தது. ஆனாலும் விட்டுக்கொடுக்க மனமில்லை. நேர்முகத்தில் எனக்கு நடந்ததை, வாசலில் நின்ற பிள்ளைகளை, போன நாலு வருசத்தை எல்லாம் சொன்னேன். எழுதாமல் விட்டால் இப்படித்தான் ஆகும் ஆச்சி என்றேன். அவர் பெட்டியைத் தட்டி விதையைப் பரவிக்கொண்டு கேட்டார். பிறகு சொன்னார்: "அது அவை உங்களுக்குத் தரவேண்டிய கணக்கு. உழைச்சியள், சம்பளம் தரவேணும், தரேல்ல. எழுதி வைச்சிருக்கத்தான் வேணும். இஞ்ச ஆர் ஆருக்குப் பிள்ளை கடன்?"

திரும்பி நடந்து வரும்போது அந்தக் கேள்விக்குப் பதில் தேடிக்கொண்டே வந்தேன். கடன் எழுதுகிற கொப்பியை நான் ஒருவருக்கும் கடன் இல்லாத இடத்துக்குக் கொண்டுபோய் வைத்திருந்தேன். அதைக் கண்டதும் ஒவ்வொருவரும் தனக்கு என்ன வரவேண்டும் என்று பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். அந்தச் சனிக்கிழமை கொப்பியைக் கொண்டுபோகவில்லை. ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆனால் "போட்டாச்சோ?" என்று கேட்க வந்த வாய்கள் பாதியில் நின்றன.

கொப்பி இல்லாமல்

எல்லாம் நல்லபடி முடிந்தது என்று எழுத எனக்கு ஆசைதான். அப்படி நடக்கவில்லை. கொப்பியை நிறுத்தியதும் முதலில் என்னோடு முறைத்துக்கொண்டது தொழிற்சாலைக்குப் போகிற தங்கச்சி ஒருத்தி. "அக்கா, நான் பஸ் ஏறமுதல் நாலரைக்கு வந்து தண்ணி ஊத்திப்போட்டுப் போறனான். உங்கட கொப்பியில அது கிடந்தது. இப்ப ஆருக்குத் தெரியும்? மாமியே நம்பமாட்டா." அவள் சொன்னதும் உண்மை. ஆச்சிக்குப் பெயர் இல்லாத இடம் தேவைப்பட்டது போல இவளுக்குப் பெயர் உள்ள இடம் தேவைப்பட்டது. வீட்டிலும் அவள் உழைப்பு கணக்கில் இல்லை, தொழிற்சாலையில் அவள் ஒரு இலக்கம். என் கொப்பியில் அவளுடைய முழுப்பெயர் முத்து முத்தாக இருந்தது. இன்றைக்கும் அவளுக்குச் சரியான பதில் ஒன்றை நான் சொல்லவில்லை. அவள் நாலரைக்கு வருவதையும் நிறுத்தவில்லை.

வாழைக்குலை கொண்டுபோன குடும்பம் பிறகு தோட்டத்துக்கு வரவேயில்லை. அவர்களைக் கொப்பி பிடித்திருக்காது, கொப்பி இல்லாததும் அவர்களைத் திருப்பிக் கூட்டிவரவில்லை. இப்போது நாங்கள் 19 குடும்பம். மற்ற ஏழு வீட்டில் இரண்டு வெளிநாடு போய்விட்டது. மிச்சம் ஐந்தைக் கோயிலில் காணும்போது எனக்கு இப்போதும் ஒரு குறுகுறுப்பு.

அந்த வருசம் கார்த்திகைக் கடைசியில், பிறகு பெங்கல் என்று பெயர் பெற்ற தாழமுக்கம் கிழக்குக் கரையோரமாகப் போனபோது, மூன்று நாள் விடாமல் மழை. வயல்கள் கடலாகக் கிடந்தன. எங்கள் பாத்திகள் கரைந்து, மேட்டில் நின்ற மரவள்ளி மட்டும் தலை காட்டியது. சனிக்கிழமைக்குக் காத்திராமல் அந்த மழைக்குள்ளேயே ஆட்கள் மண்வெட்டியோடு வந்து வாய்க்கால் வெட்டிவிட்டார்கள். சொந்த வயல் மூழ்கிக் கிடந்தவர்களும் வந்தார்கள். உரப் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஆச்சி வேலிக்கரையில் நின்று தண்ணீர் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று கைகாட்டினார். எனக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல். ஆனால் அந்த மழைக்குள்ளும் என் மனம் தன்பாட்டில் எண்ணிக்கொண்டிருந்தது. 14 பேர். இன்றைக்கு வரைக்கும் அந்த எண்ணிக்கை மறக்கவில்லை, யார் யார் என்பதும் மறக்கவில்லை.

இப்போது படிவத்துக்கு வருகிறேன். ஒரு நிறுவனம் எங்கள் தோட்டத்துக்குச் சோலர் பம்ப் தர விரும்புகிறது. நல்ல பம்ப். மண்ணெண்ணெய்ச் செலவு இல்லை, கப்பி இழுத்துக் கை கொப்பளிக்கத் தேவையில்லை. நாலரைக்கு வருகிற தங்கச்சிக்குப் பத்து நிமிடத்தில் வேலை முடியும். படிவத்தோடு இணைக்கக் கேட்டிருப்பது பயனாளிகள் பெயர்ப்பட்டியல், கையெழுத்து, ஆறு மாத வரவுப் பதிவு. என் லாச்சியில் கிடக்கும் 22 பக்கம் அதற்குக் கச்சிதமாகப் பொருந்தும். சங்கத்தில் பாதிப் பேர் கொடுக்கச் சொல்கிறார்கள். ஆச்சியின் பெயரை மட்டும் வெட்டிவிட்டுக் கொடுக்கலாம் என்றும் ஒருவர் சொன்னார். அவருடைய பெயர் ஏற்கனவே ஒருதரம் வெட்டுப்பட்ட பெயர், அதை நான் செய்யமாட்டேன். அந்தக் கொப்பியைக் கொடுக்கவும் மாட்டேன். பம்ப் வேண்டுமானால் தோட்டத்தைக் காட்டி, கிணற்றைக் காட்டிக் கேட்போம். தந்தால் நல்லது. அப்படித் தந்தாலும் எனக்கு இன்னொரு பயம் இருக்கிறது. பம்புக்கு முடிச்சுத் தெரியாது. மூன்றாவது முடிச்சுக்குக் கீழேயும் அது உறிஞ்சும், ஐந்து வீட்டுக் குடிதண்ணீரையும் சேர்த்து. பம்ப் வந்தாலும் கயிறு கப்பியில் தொங்க வேண்டும் என்று கூட்டத்தில் சொல்லியிருக்கிறேன். அதற்கு மட்டும் எல்லாரும் தலையாட்டினார்கள்.

இதை எழுதும்போது புரட்டாதி பாதி. நேற்றுப் பின்னேரம் தோட்டத்துக்குப் போனேன். மூன்றாவது முடிச்சு இன்னும் கட்டுக்குக் கீழேதான். காற்று விழுந்துவிட்டது, தூரத்தில் ஒரு முழக்கம் கேட்டது. ஆச்சி நாற்றுமேடைப் பக்கம் குந்தியிருந்து பழைய பத்திரிகைத் தாளில் சுற்றிய பொட்டலங்களைச் சேலைத் தலைப்பிலிருந்து அவிழ்த்து வைத்தார். ஏழெட்டு இருக்கும், எல்லாம் அடுப்புக்கு மேல் கிடந்து புகை மணத்தன. என் கை பழக்கத்தில் பையிலிருந்த பேனையைத் தொட்டுவிட்டு நின்றது. அவர் அதைக் கண்டார்.

"எழுதுங்கோ. இதை எழுதாட்டில் எனக்கும் மாறிப்போகும்."

ஒவ்வொன்றாகப் பிரித்து மணந்து, விரலில் எடுத்துப் பார்த்துச் சொன்னார். நான் தாளின் ஓரத்தில் எழுதினேன். கத்தரி. வெண்டி. நீட்டுப் பயிற்றை. மிளகாய், போன வருசத்து. பூசணி. ஒரு பொட்டலத்தில் மட்டும் என்ன விதை என்று அவருக்கே பிடிபடவில்லை. திரும்பத் திரும்பப் பார்த்தார். அதில் ஒன்றும் எழுதாமல் மற்றவற்றோடு சேர்த்துக் கட்டினேன். மழை விழுந்ததும் மேடையின் கடைசி வரிசையில் போட்டுப் பார்ப்போம் என்றார்.